டப்பாவில் பச்சை இலை போட்டிருந்தால் போதுமா?

பினாங்கிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது நாற்பத்தெட்டு. கணவர் தீவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். அவர் பெயரிலேயே பதிந்த சின்னக் கடை. ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு விற்பனை முகவர் வந்து, தாப்பாவ், அதாவது பொட்டலமாக எடுத்துச் செல்லும் சாப்பாட்டுக்கான டப்பாக்களைக் காட்டி, "மண்ணில் போட்டால் தானாக மட்கிவிடும், நூறு விழுக்காடு பசுமை" என்று சொல்லியிருக்கிறார். விலை சாதாரண டப்பாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதுவரை 3,600 ரிங்கிட்டுக்கு வாங்கியாகிவிட்டது. அந்தச் செலவைச் சமாளிக்க ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 30 சென் 'பசுமைக் கட்டணம்' வாங்குகிறார்கள். வாசலில் 'நூறு விழுக்காடு பசுமை உணவகம்' என்று பதாகையும் தொங்குகிறது. போன மாதம் ஒரு வாடிக்கையாளர் டப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். முகவரைக் கேட்டதற்கு, அவர் ஐஎஸ்ஓ 14001 சான்றிதழின் நகல் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதைப் பார்த்த வாடிக்கையாளர், "இது டப்பாவுக்கான சான்றிதழே இல்லை, அமைச்சில் புகார் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதற்கிடையில், ஐந்து மாதத்துக்கு முன் வீட்டுக்கே வந்து செய்து காட்டியவர்களிடம் 2,890 ரிங்கிட்டுக்குத் தண்ணீர் வடிகட்டி வாங்கியிருக்கிறார்கள். 'அரசாங்கப் பசுமைச் சான்று பெற்றது' என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் தேடிப் பார்த்ததில் அப்படி ஒரு சான்றே அகப்படவில்லை. அந்த மகளும் வீட்டை அப்படியே விடவில்லை. நல்ல நிலையில் இருந்த நெகிழிச் சாமான்களை மூட்டை கட்டிப் போட்டுவிட்டு மூங்கிலும் எஃகுமாக வாங்கி வைத்திருக்கிறாள். துணிப்பை மட்டும் 23 சேர்ந்துவிட்டன. அப்பா அவளை "பசுமைப் பைத்தியம்" என்கிறார். அவள் அப்பாவை "ஊரை ஏமாற்றுகிறீர்கள்" என்கிறாள். இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

வாசகியின் கேள்விகள் இவை: "வழக்கு வருமா? எங்களை ஏமாற்றியவன் மீது என்ன செய்யலாம்? அவன் படத்தை முகநூலில் போட்டால் என்ன? பயனீட்டாளர் சட்டம் எங்களைக் காப்பாற்றாதா? கடைசியாக, இந்தப் பசுமை விளம்பரமும் பசுமை வாழ்க்கையும் எல்லை மீறிப் போய்விட்டன என்று நான் நினைப்பது சரிதானா?"

அன்புள்ள சகோதரி,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியில் ஒரு பச்சை இலை, அதன் கீழே 'நூறு விழுக்காடு மட்கக்கூடியது'. டப்பாவைக் கவிழ்த்து எடுத்த படத்தில் சின்னதாக ஒரு முக்கோணம், நடுவில் 5. தயாரித்தவர் பெயர் இல்லை, தர எண் இல்லை, சோதனைக்கூடத்தின் பெயரும் இல்லை.

அந்த 5 என்ற எண் பாலிபுரொப்பிலினைக் குறிக்கும். ஐஸ்கிரீம் டப்பாவுக்கும் மைக்ரோவேவ் கிண்ணத்துக்கும் பயன்படுகிற அதே சாதாரண நெகிழி. முக்கோணத்தைப் பார்த்து மறுசுழற்சி செய்தது என்றோ பூமிக்கு நல்லது என்றோ நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். என்ன வகை நெகிழி என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. சில தயாரிப்பாளர்கள் இதே நெகிழியில் ஒரு ரசாயனத்தைக் கலந்து, வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் நொறுங்கும்படி செய்வார்கள். நொறுங்குவது வேறு, மட்குவது வேறு. நொறுங்கினால் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகி மண்ணிலும் கடலிலும் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகை நெகிழியை 2021 ஜூலையிலிருந்து சந்தையிலேயே விடக்கூடாது என்று தடை செய்துவிட்டது.

உண்மையிலேயே மட்கும் பொருள்களும் இருக்கின்றன. ஆனால் அதற்கு அளவுகோல் உண்டு. ஐரோப்பாவின் இஎன் 13432 தரத்தின்படி, தொழிற்கூட உரமாக்கும் சூட்டில் ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு சிதைய வேண்டும். நம் நாட்டில் தரச் சான்று வழங்கும் சிரிம் நிறுவனம் இத்தகைய பொட்டலப் பொருள்களுக்கு 'ஈக்கோ 001' என்ற அளவுகோலை வைத்திருக்கிறது. இதில் எது இருந்தாலும் விற்பவரிடம் சோதனை அறிக்கை இருக்கும், கேட்டால் காட்டலாம்.

முகவர் அனுப்பிய ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் போலி என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு நிறுவனம் தன் சுற்றுச்சூழல் நிர்வாகத்தை ஒழுங்கான முறையில் நடத்துகிறது என்பதற்கு மட்டும்தான் அது சான்று. அந்த நிறுவனம் விற்கும் டப்பா மட்குமா மட்காதா என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. உங்கள் வாடிக்கையாளர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

முதல் வேலை: பதாகையைக் கழற்றுங்கள்

"ஏமாந்தது நாங்கள், எங்கள் மீது எப்படிக் குற்றம் வரும்?" என்று கேட்கிறீர்கள். இந்த இடத்தில்தான் கொஞ்சம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். முகவருக்கு நீங்கள் வாடிக்கையாளர். உங்கள் கடைக்கு வந்து சோறு வாங்குகிறவருக்கோ நீங்கள்தான் விற்பனையாளர். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 9, 10ஆம் பிரிவுகள், பொருளின் தன்மை, தரம், பயன், ஒப்புதல் பற்றித் தவறான அல்லது திசைதிருப்பும் தகவல் தரக்கூடாது என்கின்றன. 'நூறு விழுக்காடு பசுமை' என்ற பதாகை அப்படிப்பட்ட ஒரு தகவல். அதைக் காட்டிப் பணமும் வாங்கியிருக்கிறீர்கள். குற்றம் நிரூபணமானால் தனிநபருக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பயமுறுத்த இதை எழுதவில்லை. ஒரு சின்னக் கடைக்கு நேராக அவ்வளவு தண்டனை வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அதோடு, பிறர் தந்த தகவலை நியாயமாக நம்பி நடந்தேன், எடுக்க வேண்டிய கவனத்தை எடுத்தேன் என்று காட்ட முடிந்தால் அதை ஒரு தற்காப்பாகவும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. முகவரின் வாட்ஸ்அப் செய்திகளும் டப்பாவில் அச்சிட்ட வாசகமும் இதற்குக் கைகொடுக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாடிக்கையாளர் கேள்வி கேட்கும் வரைதான் இந்தத் தற்காப்பு பலமாக நிற்கும். சந்தேகம் வந்த பிறகும் பதாகை அங்கேயே தொங்கினால், 'தெரியாமல் நம்பிவிட்டேன்' என்று சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் நாள்களை எண்ணிப் பார்த்தேன், வாடிக்கையாளர் கேட்டு ஒரு மாதம் ஆகப் போகிறது. பதாகையை இன்றே இறக்கிவிடுங்கள். உணவு கொண்டுதரும் செயலியில் உங்கள் கடைப் பக்கத்திலும் அதே வாசகம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதையும் நீக்குங்கள். இறக்குவதற்கு முன் தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

30 சென் விஷயத்துக்கும் இதே நியாயம்தான். டப்பாவுக்குக் காசு வாங்குவதில் தவறில்லை, பல கடைகள் வாங்குகின்றன. 'பசுமை' என்று பெயர் வைத்து வாங்கியதுதான் சிக்கல். 'டப்பா 30 சென்' என்று நேராக எழுதி, வாங்குவதற்கு முன்பே கண்ணில் படும்படி வையுங்கள். புகார் கொடுப்பேன் என்ற வாடிக்கையாளர் திரும்ப வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். நீங்கள் சொன்னதை விசாரித்தோம், விற்றவரிடம் அறிக்கை கேட்டிருக்கிறோம், பதாகையை எடுத்துவிட்டோம் என்று உங்கள் கணவரே சொல்லட்டும். அமைச்சிலிருந்து அதிகாரி வந்தாலும் இதே பதில்தான், கூடவே காகிதங்களையும் காட்டுங்கள்.

டப்பாவுக்கு ஒரு வழி, வடிகட்டிக்கு வேறு வழி

பயனீட்டாளர் சட்டம் இரண்டு விஷயத்திலும் உங்களுக்குத் துணை நிற்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். வடிகட்டிக்கு நிற்கும், டப்பாவுக்கு நிற்காது. சொந்த உபயோகத்துக்கும் வீட்டுத் தேவைக்கும் பொருள் வாங்குகிறவர்தான் அந்தச் சட்டத்தில் பயனீட்டாளர். வியாபாரத்தில் திரும்பக் கொடுப்பதற்காக வாங்கிய டப்பா அதற்குள் வராது. ஆகவே டப்பா விவகாரத்தைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதனால் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒரு பொருளை இன்னது என்று விவரித்து விற்றால் பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்தியே இருக்க வேண்டும் என்கிறது. 'மட்கும்' என்று விவரித்துத்தான் விற்றார்கள், அதற்காகத்தான் இரட்டை விலையும் கொடுத்தீர்கள். 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட கோரிக்கை என்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையில், வழக்கறிஞர் வைக்காமல் உங்கள் கணவரே தன் பெயரில் வழக்குப் போடலாம். ஒப்பந்த மீறலுக்கு ஆறாண்டுக் காலவரம்பு இருப்பதால் அவசரம் இல்லை.

ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்பதில் நிதானமாக இருங்கள். வாங்கியதில் பாதிக்கு மேல் உபயோகித்தாகிவிட்டது, அந்தப் பணம் முழுதும் திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உடைக்காத பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்து அதற்கான பணமும், பயன்படுத்தியதற்கு விலை வித்தியாசமும் கேட்பது நியாயமான கோரிக்கையாக நிற்கும். நீங்களே ஒரு சோதனைக்கூடத்தில் டப்பாவைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். செலவு கோரிக்கையையே விழுங்கிவிடக்கூடும். முதலில் விற்றவரிடம் எழுத்து மூலம் சோதனை அறிக்கை கேளுங்கள், பதினான்கு நாள் அவகாசம் கொடுங்கள். அறிக்கை வராவிட்டால் அந்த மௌனமும் உங்கள் பக்கம் ஒரு சாட்சிதான். கடிதத்தை முகவருக்கு மட்டும் அனுப்பாதீர்கள், விலைச்சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அந்த நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். நிறுவனம் இன்னும் பதிவில் இருக்கிறதா என்பதை நிறுவன ஆணையத்தின் இணையத் தேடலில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் வடிகட்டி. வீட்டுக்கு வந்து விற்பதை 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அப்படி வாங்கியதை பத்து வேலை நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு இருந்தது. ஐந்து மாதம் ஆகிவிட்டதால் அந்தக் கதவு மூடிவிட்டது. இனிமேல் வீட்டுக்குள் யார் வந்து செய்து காட்டினாலும் இந்தப் பத்து நாளை நினைவில் வையுங்கள், உறவுக்காரர்களிடமும் சொல்லுங்கள். இந்த உரிமை இருப்பதே நம் மக்களில் பலருக்குத் தெரியாமல் போய்விடுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இன்னொரு கதவு திறந்தே இருக்கிறது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மூன்றாண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் ஐந்து ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே எடுத்துக்கொள்வார்கள். வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை, எதிர்த்தரப்பு நிறுவனமும் வழக்கறிஞரை வைத்து உங்களை மடக்க முடியாது. தீர்ப்பைப் பதினான்கு நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.

மனுவில் 'சுற்றுச்சூழலுக்கு நல்லதில்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள், அதை நிரூபிப்பது கடினம். இல்லாத அரசாங்கச் சான்று இருப்பதாகச் சொல்லி விற்றார்கள் என்பதையே முதல் வரியாக எழுதுங்கள். அரசாங்கத்தின் பசுமைச் சான்றான மைஹிஜாவ் முத்திரை பெற்ற பொருள்களின் பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. உங்கள் மகள் தேடிய பக்கங்களைத் தேதியோடு அச்செடுத்து இணையுங்கள். துண்டறிக்கையில் 'ஏஜேஎல்' என்று தொடங்கும் நேரடி விற்பனை உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அதுவே அமைச்சுக்குத் தனிப் புகாராகப் போகலாம். வடிகட்டி நன்றாக வேலை செய்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காதீர்கள். மன்றம் முழுப் பணத்தையும் திருப்பச் சொல்லலாம், ஒரு பகுதியை மட்டும் திருப்பச் சொல்லி வடிகட்டியை உங்களிடமே விடவும் செய்யலாம். இரண்டுக்கும் மனதளவில் தயாராகப் போங்கள்.

முகநூலில் முகவரின் படத்தைப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் 'மோசடிக்காரன்' என்று எழுதிப் படம் போட்டால் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின்படி அவர் உங்கள் மீது வழக்குப் போடலாம். தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்திலும் சிக்கல் வரலாம். அந்த முகவரையே யாரோ ஏமாற்றியிருக்கலாம் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஊரை எச்சரிக்க வேண்டும் என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதுங்கள். இந்தத் தீவில் பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறவர்கள், தமிழிலேயே பேசலாம், எழுதலாம்.

எல்லை மீறியது எது?

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில், நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்காது. பசுமை வாழ்க்கை எல்லை மீறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. பசுமை என்ற பேச்சை ஆதாரமே இல்லாமல் விற்கும் வியாபாரம்தான் மீறியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், ஏமாற்றியவன் தப்பித்துவிடுவான், அக்கறைப்பட்ட பிள்ளை திட்டு வாங்கும். உங்கள் வீட்டில் இப்போது நடப்பது அதுதான்.

நம் தீவின் குப்பை எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கடல் தாண்டி நிபோங் தெபால் பக்கம் பூலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்து எரிந்தபோது சுற்றுவட்டாரத்து மக்கள் புகையில் பட்ட அவதியைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நெகிழிப் பை இலவசம் இல்லை என்று 2009இல் திங்கட்கிழமைகளில் தொடங்கி, 2011 ஜனவரியிலிருந்து எல்லா நாளும் என்று பினாங்கு அரசு ஆக்கியபோது, இது ரொம்ப அதிகம் என்று அன்றும் முணுமுணுத்தார்கள். இன்று பாசாருக்குக் கிளம்பும்போது கை தானாகப் பையை எடுக்கிறது. அதை யாரும் அதிகம் என்று சொல்வதில்லை.

வியாபாரத்தின் பக்கம் கதை வேறு. அமெரிக்க வாணிப ஆணையம் 2012இல் திருத்திய வழிகாட்டியில், வழக்கமான முறையில் தூக்கி எறிந்த பிறகு ஒரு வருடத்துக்குள் முழுதாகச் சிதையாத பொருளை வெறுமனே 'மட்கும்' என்று சொல்லக்கூடாது என்கிறது. குப்பைமேட்டில் புதைந்து கிடக்கும் பொருளுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்காததால், அங்கே போகிற எதற்கும் அந்தச் சொல் பொருந்தாது. நம் குப்பை போகும் இடத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் டப்பாவுக்கும் இதே கதிதான். பொருள்களின் சுற்றுச்சூழல் விளம்பரத்துக்கான ஐஎஸ்ஓ 14021 தரமோ, 'பசுமை', 'பூமிக்கு நண்பன்' போன்ற பொத்தாம்பொதுவான சொற்களையே பயன்படுத்தக்கூடாது என்று சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆதாரமில்லாத பொதுப்படைப் பசுமை விளம்பரத்துக்குத் தடை 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருமாறு 2024இல் விதி செய்திருக்கிறார்கள். நம் செம்பனை எண்ணெய் விளம்பரங்களையே 2008லும் 2009லும் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் திசைதிருப்புகின்றன என்று கண்டித்தது. ஒரு நாட்டின் பெரிய தொழிலுக்கே அந்தக் கேள்வி வந்தது, அதில் அவமானப்பட ஒன்றும் இல்லை. ஆதாரம் எங்கே என்று கேட்பது யாருக்கும் இழிவு செய்வது ஆகாது. உங்கள் கணவர் இதை மனதில் வைத்துக்கொண்டால் மகளின் கேள்வி அவ்வளவு சுடாது.

மகள் எல்லாவற்றிலும் சரி என்றும் நான் சொல்லவில்லை. டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 தடவை பயன்படுத்தினால்தான் வெப்பமாதல் கணக்கில் அது கடையில் தரும் ஒரு நெகிழிப் பைக்குச் சமமாகும் என்று கண்டார்கள். இயற்கை வேளாண் பருத்தி என்றால் 149 தடவை. தண்ணீர், ஓசோன் என்று எல்லாக் கணக்கையும் சேர்த்தால் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. அந்த ஆய்வு கடலுக்கும் வாய்க்காலுக்கும் போகும் குப்பையைக் கணக்கில் எடுக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கணக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. வாரம் ஒரு தடவை பாசாருக்குப் போகும் வீட்டில் ஒரு துணிப்பை ஒரு வருடம் உழைத்தால் நல்லது. 23 பைகளைச் சுழற்றினால் 23 வருடம் வேண்டும். நல்ல டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு மூங்கிலில் புதிது வாங்குவதும் அப்படித்தான். வீட்டில் இருக்கும் பொருள் தேய்ந்து முடியும் வரை உபயோகிப்பதுதான் பூமிக்கும் பணப்பைக்கும் இலேசு. அவளிடம் இதைக் குற்றமாகச் சொல்லாமல் இந்தக் கணக்கை அப்படியே கொடுத்துப் பாருங்கள். ஆதாரம் பார்க்கிற பிள்ளை, புரிந்துகொள்வாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கடைக்கு ஒரு யோசனை. வாழையிலைச் சாப்பாடு போடும் கடையில் கையருகிலேயே இலை இருக்கிறது. பொரியல், கூட்டு, சோறு இதற்கெல்லாம் இலையும் மேலே காகிதமும் போதும். தூக்குப் பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்கு 30 சென் குறைத்துக் கொடுங்கள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் டப்பா தேவைப்படும், அதற்கு மலிவான சாதாரண டப்பாவையே வாங்கிக்கொள்ளுங்கள். பதாகை வேண்டும் என்று கணவர் நினைத்தால் 'தூக்கு கொண்டு வந்தால் 30 சென் தள்ளுபடி' என்று எழுதட்டும். அதைப் பொய் என்று யாராலும் சொல்ல முடியாது, எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை.

கடிதத்தில் நீங்கள் குறிப்பிட்டிருந்த இன்னொன்று: மகனின் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அச்சடிப்பதா வாட்ஸ்அப்பில் அனுப்புவதா என்ற தகராறில் சட்டத்துக்கு வேலை இல்லை. பெரியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் அச்சடித்து நேரில் போய்க் கொடுங்கள், மற்றவர்களுக்குக் கைப்பேசியில் போகட்டும்.

ஒரு வேலையை மகளிடமே ஒப்படைக்கலாம் என்று தோன்றுகிறது. விலைச்சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள், துண்டறிக்கை எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, விற்ற நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை அவள் எழுதட்டும். அப்பா படித்துக் கையெழுத்துப் போடட்டும். நடுவர் மன்ற மனுவையும் அவளால் இணையத்திலேயே நிரப்ப முடியும். பதில் வந்த பிறகு எல்லாக் காகிதங்களையும் ஒரு வழக்கறிஞரிடமோ, செலவு கட்டுப்படியாகாவிட்டால் அரசாங்கச் சட்ட உதவித் துறையிலோ ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள். நான் கடிதத்தையும் படங்களையும் மட்டுமே பார்த்துச் சொல்கிறேன், அசல் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்பதை யாராவது படித்துப் பார்த்தாக வேண்டும்.

மிச்சம் இருக்கும் டப்பாக்களைக் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உடைக்காத பெட்டிகளை அப்படியே ஒதுக்கி வையுங்கள். நீதிமன்றத்தில் காட்ட வேண்டியது அவற்றைத்தான்.